நம் அன்றாடப் பழக்கம் உலகத்தையே கெடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று வாளி பிரித்து வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதிலிருந்து லிஃப்டுக்குள்ளும் படிக்கட்டிலும் எனக்குக் கிடைப்பது கேள்விகள்தான். சிலர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள், சிலர் வாளி பிரிக்காமல் தப்பிக்கக் கேட்கிறார்கள். இரண்டு வகையினரும் நல்ல கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை அவரவர் வாயில் வந்தபடியே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

நான் ஒரு ஆள் சொப்பிங் பேக் பாவிச்சா உலகம் அழிஞ்சிடுமா என்ன?

அழியாது. ஒரு ஆள் ஒரு பையை வாங்குவதாலோ வேண்டாம் என்பதாலோ உலகில் அளந்து காட்டக்கூடிய மாற்றம் எதுவும் நடக்காது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுவோம். இதை மறைத்துப் பேசுகிறவர்களை யாரும் நம்புவதில்லை.

ஆனால் அந்தப் பை உங்கள் ஒருவருக்காகச் செய்யப்பட்டதல்ல. கேட்காமலே எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், எல்லோரும் ஒரே மாதிரி எறிகிறோம், மழை பெய்தால் எல்லாம் ஒரே வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகிறது. உலகத்தில் இப்போது வருடத்துக்கு 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் உற்பத்தியாகிறது. 2015 வரை குப்பையான பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 வீதம்தான். 'என் ஒரு பை' என்பது ஒரு கணக்கு, 'இந்தப் பழக்கம்' என்பது வேறு கணக்கு. கீழே வரும் பதில்கள் இரண்டாவது கணக்கைப் பற்றியவை.

உலகம் எவ்வளவு பெரிசு! மனுசர் குளிக்கிறது, சமைக்கிறது, செண்ட் அடிக்கிறது எல்லாம் அதை என்ன செய்யும்?

செண்ட் அடித்ததே ஒரு தடவை செய்துவிட்டது. நடந்து முடிந்து, நிரூபணமாகி, திருத்தவும் தொடங்கிய கதை அது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஒரு காலத்தில் ஸ்பிரே டின்களிலும் குளிர்சாதனப் பெட்டிகளிலும் சி.எஃப்.சி. (குளோரோ புளோரோ காபன்) என்ற வாயுவைப் பாவித்தார்கள். தீப்பிடிக்காது, நஞ்சு இல்லை, விலையும் குறைவு. அதற்கு ஒரே ஒரு குணம்தான் பிரச்சினை: கீழ்க் காற்றில் அது எதோடும் சேராது, மழையில் கரையாது. அழியாமல் மெல்ல மெல்ல மேலே போய், பல கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை வெளிவிடும். அந்தக் கதிரைத் தடுத்து நம்மைக் காப்பது அங்கே உள்ள ஓசோன். ஒரு குளோரின் அணு மட்டும் ஒரு லட்சம் அளவிலான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடியது. மரியோ மொலினா, ஷேர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974இல் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது, கக்கத்துக்கு அடிக்கிற வாசனை வானத்தைக் கெடுக்குமா என்று தொழிற்சாலைக்காரர்கள் கேலி பேசினார்கள். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் படலம் மோசமாக மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அந்தாட்டிக்காவில் செண்ட் அடித்தவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு ஊரின் குளியலறையில் தொடங்கியது உலகத்தின் அடி முனையில் போய்த் தெரிந்தது.

1987இல் மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது, இலங்கை 1989இல் சேர்ந்தது. சி.எஃப்.சி. உற்பத்தி கட்டம் கட்டமாக நின்றது. மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் 1995இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இப்போது ஓசோன் படலம் தேறி வருகிறது. 1980இல் இருந்த நிலைக்கு உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், அந்தாட்டிக்காவில் 2066 அளவிலும் திரும்பும் என்று கணித்திருக்கிறார்கள். கெடுக்கச் சில பத்து வருடங்கள், தேற அதைவிட நீண்ட காலம்.

சரி, அது ரசாயனம். மூச்சு விடுறதும் அடுப்பு எரிக்கிறதும் ஆதி காலத்தில இருந்தே இருக்கே?

மூச்சைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீங்கள் வெளிவிடும் காபன், போன போகத்து நெல்லோ இந்த வருடத்து மரக்கறியோ காற்றிலிருந்து எடுத்த காபன்தான். எடுத்த இடத்துக்கே திரும்பப் போகிறது. வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளர்ந்தால் விறகும் ஏறத்தாழ அப்படித்தான், ஆனால் புகை நுரையீரலுக்குக் கேடு.

நிலக்கரியும் பெற்றோலும் வேறு. கோடிக்கணக்கான வருடங்களாக மண்ணுக்கடியில் கிடந்த காபனை வெளியே எடுத்துக் காற்றில் சேர்க்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது அது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடுவதில் கால் பங்கு அளவைக் கடல் உறிஞ்சுகிறது, அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிடச் சுமார் 30 வீதம் கூடியிருக்கிறது. சிப்பிக்கும் முருகைக்கல்லுக்கும் ஓடு கட்டுவது அந்த அளவுக்குக் கஷ்டமாகிறது.

நாங்க பிரிச்சுப் போடுற குப்பை கடைசியில எங்கதான் போகுது? எல்லாத்தையும் ஒரே லொறியில கொட்டுறாங்கனு கேள்விப்பட்டேன்.

ஒரே லொறியில் கொட்டினால் படம் எடுத்து மாநகர சபைக்கு முறைப்பாடு செய்யுங்கள். உக்கும் குப்பையையும் மற்றதையும் தனித்தனியாக எடுப்பதுதான் நடைமுறை.

முன்பு கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று அந்த மலை சரிந்து வீடுகள் புதைந்தன, முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021இல் இயங்கத் தொடங்கியது. புத்தளம் அருவக்காட்டில் ஒரு நிரப்புநிலமும் கட்டினார்கள். எரிக்கும் நிலையத்துக்கு ஈரக் குப்பை போனால் எரியாது. நான் வாளி வாளி என்று கத்துவதன் காரணம் பாதி அதுதான்.

மற்ற இடங்களில் இதுவும் இல்லை. அம்பாறை பள்ளக்காட்டில் திறந்த குப்பைமேட்டில் உணவோடு பிளாஸ்டிக்கையும் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. சோறு ஒட்டியிருந்த பையை யானை சோறாகத்தான் பார்க்கிறது.

சாப்பாடு மிஞ்சினா மண்ணோட மண்ணா உக்கித்தானே போகும், அதில என்ன பிழை?

மண்ணோடு மண்ணாகக் காற்றுப்பட உக்கினால் பெரிய பிழை இல்லை. பொலித்தீனில் கட்டி, குப்பைமேட்டின் அடியில் காற்றே இல்லாமல் அழுகினால் மெதேன் வாயு உண்டாகும். 100 வருடக் கணக்கில் மெதேன் காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 28 மடங்கு சூடாக்கும், 20 வருடக் கணக்கில் 80 மடங்கு அளவில்.

அதைவிடப் பெரிய இழப்பு, அந்தச் சாப்பாடு உண்டாகச் செலவான நிலம், தண்ணீர், உரம், டீசல். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 வீதம் வீடுகளில். உணவு இழப்பும் வீணடிப்பும் சேர்ந்து உலகின் பச்சைவீட்டு வாயுக்களில் 8 முதல் 10 வீதம். சாதாரண வீட்டுப் பழக்கங்களில் இவ்வளவு பெரியது வேறு குறைவு. ஆனாலும் ஸ்ட்ரோவைப் பற்றிப் பேசுகிற அளவில் நூறில் ஒரு பங்குகூட இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. கல்யாண மண்டபத்தில் பாதி வட்டிலப்பத்தை இலையோடு மடிக்கிற நேரத்தில் யாருக்கும் மூக்கில் ஸ்ட்ரோ குத்திய அந்த ஆமை ஞாபகம் வராது.

தொடர்மாடியில் பசளை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். துளை போட்ட வாளி, தும்புத்தூள், மரக்கறித் தோல். மீன் முள்ளும் கறியும் வேண்டாம். நாறினால் தும்புத்தூளைக் கூட்டுங்கள்.

லன்ச் சீட், ரெஜிபோம் எல்லாம் எப்பவோ தடை எண்டாங்களே. பிறகு ஏன் கடையில இன்னும் பொலித்தீனில சுத்தித் தாறாங்கள்?

2017 செப்டெம்பர் 1ஆம் திகதி தடை வந்தது. ரெஜிபோம் என்கிற நுரைப் பிளாஸ்டிக் பெட்டி ஓரளவு குறைந்தது. சோறு சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளான லன்ச் சீட்டுக்கு 'உக்கக்கூடியது' என்ற பெயரில் மாற்று வந்தது, அதில் எது உண்மையில் உக்கும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. 2025 நவம்பர் 1 முதல் கடையில் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று விதி வந்தது. என் அபிப்பிராயத்தில், தடையைவிட இந்தச் சில்லறைக் காசு நன்றாக வேலை செய்யும். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு சவர்க்காரத்துக்குப் பை கேட்கிறவர், ஐந்து ரூபாய் என்றதும் வேண்டாம் என்கிறார்.

கோயில் அன்னதானத்துக்கு வாழையிலை இருக்கும்போது லன்ச் சீட் எதற்கு என்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்ப துணிப்பை வாங்கினா பிரச்சினை முடிஞ்சுது, அப்படித்தானே?

எத்தனை துணிப்பை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பருத்திக்கு நிலம், தண்ணீர், பூச்சிமருந்து எல்லாம் தேவை. 2018இல் டென்மார்க் அரசு வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலையை மட்டும் வைத்துப் பார்த்தாலே சாதாரணப் பருத்திப் பையை 50 தடவைக்கு மேல் பாவித்தால்தான் அது கடைப் பையைவிட மேல். மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் இன்னும் பல மடங்கு.

ஒரு பையைக் கிழியும் வரை பாவிப்பவருக்கு இது சுலபம். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு இலவசத் துணிப்பை வாங்கி அலுமாரியில் அடுக்குகிறவர் பொலித்தீனே பாவித்திருக்கலாம். வீட்டில் ஏற்கனவே இருக்கிற நைலோன் மார்க்கெட் பைதான் ஆகச் சிறந்தது.

கழுவி ஊத்துற தண்ணி, பழைய மருந்து, பொரிச்ச எண்ணெய்... எல்லாம் சிங்க்ல ஊத்தினா கடல்ல கலந்து காணாமப் போயிடும்தானே?

பேரை வாவியின் பச்சை நிறத்தைப் பார்த்தவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். கழிவுநீரோடு வரும் பொசுபரசும் நைதரசனும் பாசிக்குப் பசளை. பாசி பெருகி, செத்து, உக்கும்போது தண்ணீரில் உள்ள ஒட்சிசன் தீர்ந்து மீன்கள் மிதக்கின்றன. இது கொழும்பு ஏரியின் கதை மட்டுமல்ல. உலகின் பல கரையோரங்களில் ஆறு கொண்டுவரும் பசளையாலும் கழிவாலும் ஒட்சிசன் இல்லாத பகுதிகள் உருவாகியிருக்கின்றன.

நுண்பிளாஸ்டிக்கும் இதே வழிதான். பொலியெஸ்டர் துணியைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் கழன்று போகின்றன, வாகன டயரும் தேய்ந்து தூளாகிறது. ஆழ்கடலிலும் துருவப் பனியிலும் நுண்பிளாஸ்டிக் இருக்கிறது. 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மனித இரத்தத்திலேயே கண்டறிந்தார்கள். உடலுக்கு அது என்ன செய்யும் என்று இன்னும் ஆராய்கிறார்கள், ஆகவே 'எல்லாருக்கும் புற்றுநோய்' என்று வருகிற வாட்ஸ்அப் செய்தியை நம்பி அனுப்பாதீர்கள்.

எண்ணெயைப் பழைய பத்திரிகையில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். மிஞ்சிய அன்டிபயோட்டிக்கை ஊற்றாதீர்கள், மருந்தைத் தாங்கும் கிருமிகளை வளர்க்க அது நல்ல வழி.

வீட்டு மீன்தொட்டியில இருந்த மீன் பெரிசா வளந்திட்டுது எண்டு வெள்ளவத்தைக் கால்வாயில விட்டன். புண்ணியம்தானே?

அண்ணை, புண்ணியம் அந்த மீனுக்கு மட்டும். நீங்கள் சொல்வது 'டேங்க் கிளீனர்' மீன். தென்னமெரிக்காவைச் சேர்ந்தது, இங்கே அதைப் பிடித்துத் தின்ன அதிகம் எதுவும் இல்லை. இப்போது இலங்கை நீர்நிலைகளில் வலை போடுகிறவர்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது.

பழைய உதாரணம் இதே ஊரில் இருக்கிறது. சல்வீனியா என்ற மிதக்கும் செடியை 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பிரிவுக்குப் படிப்பிக்கத்தான் கொண்டுவந்தார்கள். அது தப்பி, வாய்க்கால், வயல், குளம் எல்லாவற்றையும் பச்சைப் பாயால் மூடியது. அயல்நாட்டு ஆக்கிரமிப்பு இனங்கள், உலகில் உயிரினங்கள் அழிவதற்கான ஐந்து பெரிய காரணங்களில் ஒன்று. நிலத்தையும் கடலையும் மாற்றுவது, அளவுக்கு மீறிப் பிடிப்பதும் வெட்டுவதும், காலநிலை மாற்றம், மாசு என்பன மற்ற நான்கு. சுமார் 10 லட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக ஐ.நா. ஆதரவிலான, உயிர்ப்பன்மை பற்றிய அரசுகளுக்கிடையேயான குழு 2019இல் மதிப்பிட்டது.

மழை வந்தா கொழும்பு மூழ்குது. அதுக்கும் எங்கட பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

பாதிச் சம்பந்தம். வாய்க்காலை அடைக்கும் பொலித்தீன் நம்முடையது. அதைவிட முக்கியம், சதுப்பு நிலத்தை நிரப்பி வீடு கட்டுவது. கொழும்பைச் சுற்றி இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 20 சதுர கிலோமீட்டர் ஈரநிலம்தான். மழைநீரைப் பிடித்து வைப்பதும், காற்றைக் குளிர்விப்பதும், காபனைச் சேமிப்பதும் அதுவே. 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச அமைப்பு முதன்முதலாக 'ஈரநில நகரம்' என்று அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. மீன்பிடிப் பூனை நடமாடும் பெருநகரங்கள் உலகில் எத்தனை இருக்கின்றன? பட்டம் கிடைத்தாலும் மண் லொறி நிற்பதில்லை.

ஏசி போட்டா கறண்ட் பில்தானே கூடும்? ஓசோன் பிரச்சினைதான் முடிஞ்சுதே.

இரண்டாவது கேள்வியில் சொன்ன சி.எஃப்.சி. போய்விட்டது. அதன் இடத்துக்குப் பிறகு வந்த வாயுக்களில் பல ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் சூடாக்குவதில் சூரர்கள். பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ, காபனீரொட்சைட்டைவிட 2,000 மடங்கு அளவில் சூடாக்கும். ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். சராசரி இலங்கையர் ஒருவர் இரண்டு வருடங்களில் வெளிவிடும் அளவு ஏறத்தாழ அது. புதியவற்றில் வரும் ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 675. குளிர்சாதனப் பெட்டிகளில் வரும் ஆர்-600ஏயின் தாக்கம் மிகக் குறைவு. இந்த வாயுக்களைக் குறைக்கத்தான் 2016இல் கிகாலியில் மொன்றியல் உடன்படிக்கையைத் திருத்தினார்கள்.

இங்கே வருடா வருடம் 'காஸ் அடிக்கணும்' என்று வந்து நிற்பார்கள். காஸ் பெற்றோல் மாதிரித் தீருகிற பொருளல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் காஸ் மட்டும் அடிக்க விடாதீர்கள். பழைய ஏசியைக் கழற்றும்போது காஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிப்பார்களா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி, வருடம் முழுக்க ஸ்ட்ரோ இல்லாமல் இளநீர் குடிப்பதைவிடப் பல மடங்கு பெறுமதி.

போன் சார்ஜரை இரவு முழுக்க விடுறது, காலையில 'இனிய காலை வணக்கம்' படம் அனுப்புறது... இதெல்லாமும் கணக்கா?

கணக்கில் வராத அளவு சிறியவை. ஒரு போனைத் தினமும் முழுதாகச் சார்ஜ் செய்தாலும் இரண்டு மாதத்துக்குச் சுமார் ஒரு யூனிட். படுக்கையறை ஏசி ஒரு மணித்தியாலத்தில் அதைச் சாப்பிட்டுவிடும். காலை வணக்கப் படங்களை நிறுத்தச் சொல்ல என்னிடம் வேறு காரணங்கள் இருக்கின்றன.

மாட்டிறைச்சிதான் காரணமாம். நாங்க சைவம். அப்ப எங்களுக்குக் கவலை இல்லை?

மாட்டிறைச்சி கிலோவுக்குக் கோழியைவிடப் பத்து மடங்கு அளவில் பச்சைவீட்டு வாயு வெளிவிடும், பருப்போடு ஒப்பிட்டால் அதைவிட எவ்வளவோ கூட. மனிதர் வாழத்தக்க நிலத்தில் ஏறத்தாழப் பாதி விவசாயத்துக்குப் போகிறது, அதிலும் பெரும்பகுதி கால்நடைக்கு. பருப்பும் சம்பலும் சாப்பிடுகிறவர் நல்ல நிலையில்தான் இருக்கிறார்.

ஆனால் தண்ணீர் நிற்கும் வயலும் மெதேன் விடுகிறது, அளவுக்கு மீறிய யூரியா நைதரசு ஒட்சைட்டு விடுகிறது. சோற்றை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. மிஞ்சிய சோற்றைக் கொட்டாதிருந்தால் போதும், ஐந்தாவது கேள்வியைப் பாருங்கள்.

இயற்கைக்கு நல்லது எண்டு உரத்தை நிறுத்தித்தானே 2021ல நாடே சீரழிஞ்சுது? திரும்பவும் அதையா சொல்றீங்கள்?

இல்லை. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்த முடிவெடுத்தார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். நடுவில் நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. டொலர் இல்லாமல் போனதுதான் அடுத்த வருட நெருக்கடியின் பெரிய காரணம், என்றாலும் உரத் தடை வயலில் இருந்தவர்களை நேரடியாக முறித்தது.

உரம் கூடினால் கெடுதி என்பது உண்மை. பேரை வாவியின் பதிலிலேயே அது இருக்கிறது. ஆனால் மண்ணைப் பரிசோதித்துத் தேவைக்குப் போடப் பழக்குவதற்குப் பல போகங்கள் வேண்டும். ஒரே இரவில் வர்த்தமானி அடித்து மண்ணை மாற்ற முடியாது. சூழலின் பெயரால் செய்த அந்த அவசரம், சூழல் என்ற பேச்சையே கிராமங்களில் கெட்ட பேச்சாக்கிவிட்டது. அதுதான் எனக்குக் கோபம்.

100 கம்பனிதான் உலகத்தின் 71 வீதத்தைக் கெடுக்குதாம். அவங்கள விட்டுட்டு என் வாளியை ஏன் பிரிக்கச் சொல்றீங்க?

அந்த எண் 2017இல் வந்த ஓர் அறிக்கையிலிருந்து. 1988க்குப் பிறகு வெளியான தொழில்துறைப் பச்சைவீட்டு வாயுக்களில் 71 வீதத்தை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எடுக்கும் 100 நிறுவனங்களோடு அது தொடர்புபடுத்தியது. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு அளவு, அவர்கள் விற்றதை வாங்கியவர்கள் எரித்தபோது வெளியானது. உங்கள் மோட்டார் சைக்கிள் புகையும் அந்த 71க்குள் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 'தனிமனித காபன் தடம்' என்ற பேச்சை 2000களின் நடுவில் பெரிய விளம்பரம் செய்து பரப்பியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். குற்றத்தை வாங்குகிறவர் தலையில் கட்டுவது அவர்களுக்கு வசதி. ஆகவே யாரில் பிழை என்ற விவாதத்தில் நான் இறங்குவதில்லை. சி.எஃப்.சி. விஷயத்தில் அமெரிக்காவில் பலர் ஸ்பிரே டின் வாங்குவதைக் குறைத்தார்கள், அது அரசுக்கு அழுத்தமாகி 1978இல் அங்கே தடை வந்தது. பழக்கம் மட்டும் போதவில்லை, பழக்கம் மாறாமல் சட்டமும் வந்திருக்காது.

இலங்கை ஒரு பொட்டு. நாங்கள் என்ன கெடுத்தம்? அமெரிக்காக்காரனிட்டப் போய்ச் சொல்லுங்கோ.

நியாயமான கோபம். சராசரி இலங்கையர் வருடத்துக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு சுமார் ஒரு டன். உலகச் சராசரி ஐந்துக்குச் சற்றுக் கீழ், அமெரிக்கரின் சராசரி 14 அளவில், கட்டாரில் 30க்கு மேல். உலகின் பணக்கார 10 வீதத்தினரிடமிருந்தே ஏறத்தாழப் பாதி வருகிறது. வாங்கிக் கட்டிக்கொள்வது நாம். 1998இலும் 2016இலும் கடல் சூடாகி நம் முருகைக்கற்பாறைகள் வெளிறின. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குறுணிகளைக் கொண்டுவந்து கொட்டியதும் நம் கரைக்கு முன்னால்தான்.

ஆனால் 'நாங்கள்' யார்? சராசரிக்குள் மலையகத்து லயன் வீடும் இருக்கிறது, கொழும்பு 7இன் நான்கு ஏசி வீடும் இருக்கிறது. லண்டனுக்கு ஒரு தடவை போய் வந்தால் ஓர் ஆசனத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வரை, ரொறன்ரோ என்றால் இன்னும் கூட. கல்யாணத்துக்கு வருகிற சித்தப்பாவை வராதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் வெள்ளவத்தையில் பாதிப் பேரின் கணக்கு ஒரு டன்னோடு நிற்காது என்பது தெரிந்திருக்கட்டும்.

கொரோனாவில எல்லாரும் வீட்டுக்குள்ள அடங்கி இருந்தம். அப்ப உலகம் திருந்தியிருக்க வேணுமே?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 2020இல் விமானம் இல்லை, பஸ் இல்லை, கடை இல்லை. அப்படியிருந்தும் உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றம் குறைந்தது சுமார் 5 வீதம்தான். காற்றில் அதன் அளவு அந்த வருடமும் கூடியது, ஏனென்றால் மிச்சம் 95 வீதம் போய்க்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள் அடங்கினாலும் விளக்கு எரிந்தது, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் ஓடியது, உலகெங்கும் சீமெந்தும் உருக்கும் கப்பலும் ஓடின. மனக்கட்டுப்பாட்டால் மட்டும் எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு அந்த வருடமே அளவு. மிச்சத்தை மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதை மாற்றித்தான் குறைக்க வேண்டும்.

ஓசோனுக்குச் செய்ததை இதுக்கும் செய்தால் என்ன? ஏன் முடியேல்லை?

சி.எஃப்.சி.யைச் செய்தவை சில நிறுவனங்கள், பாவனையும் சில பொருட்களில்தான். மாற்று வாயு கைவசம் வந்ததும் அதே நிறுவனங்கள் அதையும் விற்றன, வாங்கியவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. நிலக்கரியும் எண்ணெயும் அப்படியல்ல. சோறு, சீமெந்து, பஸ், மருந்து எல்லாவற்றுக்குள்ளும் அவை இருக்கின்றன, அவற்றை விற்றுப் பிழைக்கும் நாடுகளும் இருக்கின்றன. மாற்று விலை கூடவாக இருந்தவரை உடன்படிக்கைகள் காகிதத்தில் நின்றன.

2010க்குப் பிறகு பத்து வருடங்களில் சூரிய பனலின் விலை சுமார் 90 வீதம் விழுந்தது. இப்போது தடை வேறு இடத்தில் இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் பாவனை குறைந்து, கூரை மின்சாரம் கூடி, பனல்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வீட்டுக்காரர்களிடம் கேட்டது. அதே நாட்டில் மாலை 7 மணிக்கு எல்லோரும் விளக்குப் போடும்போது நிலக்கரியும் எண்ணெயும் எரிகின்றன. பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்கும் பற்றரி வீட்டிலும் இல்லை, வலையமைப்பிலும் போதாது.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் வீட்டுக் கூரையில் பனல் இருக்கிறது. தண்ணீர் மோட்டாரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் மதியத்தில் ஓட விடலாம், அது நாளைக்கே முடியும். பற்றரிக்குச் சேமித்து மாலையில் கொடுக்கிற மின்சாரத்துக்கு நல்ல விலை தரும்படி கேட்பதற்கு அவர் ஒருவர் போதாது, கூரைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போக வேண்டும்.